வெளியே நில்

கால்பந்து நடுவருக்குக் காது பாதிதான் கேட்க வேண்டும். விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. எனக்கு விசில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் நாளே சொன்ன பாடம் இது. "உன் முகத்தைப் பார்த்துத் திட்டினால் அட்டையை எடு. முதுகுக்குப் பின்னால் திட்டினால் குனிந்து ஷூ லேஸைக் கட்டு" என்றார். அவர் சொல்லி இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்பு, காசிமேடு என்று வடசென்னை மைதானங்களில் நான் கட்டிய லேஸ்களை முடிச்சுப் போட்டு நீட்டினால் மெரினாவைத் தொட்டுவிடும்.

வார நாட்களில் எனக்கு வங்கி வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஆறரைக்கெல்லாம் மைதானத்தில் இருப்பேன். வெயில் ஏறுவதற்குள் இரண்டு ஆட்டங்களையாவது முடித்தாக வேண்டும். கிடைப்பது பெட்ரோல் காசும் ஒரு பொட்டலம் பொங்கலும். வேடிக்கை பார்க்க வருபவர்களில் பாதிப் பேருக்கு நான் இன்னமும் "அம்பயர்"தான். அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறொன்றில். ஆஃப்சைடு கொடுத்ததற்காகப் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் என் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறான். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான் காதில் விழாததுபோல் நகர்ந்துபோகிறேன். கால்பந்தில் ஒழுங்கு மீறுபவரைச் சில நிமிடங்களுக்கு மட்டும் வெளியே அனுப்பும் தண்டனை வேண்டுமா, கூடாதா என்று டீக்கடையில் நண்பர்கள் வாதிடும்போதெல்லாம் எனக்கு அந்த நகர்தல்தான் நினைவுக்கு வருகிறது.

ஏன் நகர்கிறேன்? விதி தெளிவாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் விதிப்படி, நடுவரின் முடிவைச் சொல்லாலோ செயலாலோ எதிர்த்தால் மஞ்சள் அட்டை. இழிவாகப் பேசினால் நேராகச் சிவப்பு. அந்தப் பையன் சொன்னது, சந்தேகமே இல்லாமல், சிவப்புக்கு உரிய வார்த்தை. ஆனால் ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கிறது. சிவப்பை எடுத்தால் அவன் அணி மிச்ச நேரம் முழுவதும் பத்துப் பேரோடு மூச்சு வாங்க வேண்டும். அடுத்த ஆட்டத்திலும் அவன் இல்லை. ஆட்டம் அந்த இடத்திலேயே செத்துப்போகும். பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிடுவார். வாய்தவறி வந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவா என்று என் மனமே என்னைக் கேட்கும். சரி, மஞ்சளோடு விட்டுவிடலாம் என்றால், அதனால் அவனுக்கு அன்றைக்கு ஒன்றும் ஆவதில்லை. அட்டையை நான் திரும்பப் பைக்குள் வைப்பதற்குள் அவன் சிரித்துக்கொண்டே ஓடிவிடுவான். ஒன்று அதிகம், இன்னொன்று போதாது. இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லாததால் நான் லேஸைக் கட்டுகிறேன்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பேசிக்கொண்டிருந்தவனை ஆசிரியர் முதலில் அதட்டுவார். அளவு மீறிப்போனால் தலைமை ஆசிரியர் அப்பாவை வரச்சொல்லி டி.சி.யைக் கையில் கொடுப்பார். ஆனால் அன்றாடம் வகுப்பை நடத்தியது இவை இரண்டும் அல்ல. "வெளியே நில்" என்ற இரண்டு சொற்கள்தான். வராந்தாவில் நின்றவனுக்கு உள்ளே நடக்கும் பாடம் காதில் விழும். நண்பர்கள் சிரிப்பதும் விழும், எதற்குச் சிரித்தார்கள் என்பது மட்டும் தெரியாது. மணி அடித்ததும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம். விஷயம் வீட்டுக்குப் போகாது. கால்பந்தில் அதட்டல் இருக்கிறது, டி.சி. இருக்கிறது. வராந்தாதான் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்துக் கொடுத்தவரே ஒரு பள்ளித் தலைமை ஆசிரியர்தான். கென் ஆஸ்டன், இங்கிலாந்துக்காரர். சிலியும் இத்தாலியும் 1962 உலகக் கோப்பையில் கால்பந்து என்ற பெயரில் கைகலந்த ஆட்டத்துக்கு விசில் ஊதியவர். 1966 உலகக் கோப்பையில் நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்தார். வெம்ப்ளியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதிய காலிறுதியில், அர்ஜென்டினாவின் கேப்டன் ரட்டீனை ஜெர்மானிய நடுவர் கிரைட்லைன் வெளியேற்றினார். ரட்டீனுக்கு ஜெர்மன் தெரியாது, நடுவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுப் பல நிமிடங்கள் மைதானத்தை விட்டு அவர் நகரவே இல்லை. அதே ஆட்டத்தில் தன் பெயரையும் நடுவர் குறித்துக்கொண்டார் என்பதே ஜாக் சார்ல்டனுக்கு ஆட்டம் முடியும்வரை தெரியவில்லை. இதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டு காரில் வந்த ஆஸ்டன், லண்டன் கென்சிங்டன் பகுதியில் ஒரு போக்குவரத்து சிக்னலில் நின்றார். மஞ்சள் விழுந்தது, பிறகு சிவப்பு. மொழி தேவைப்படாத எச்சரிக்கை அவருக்குக் கிடைத்துவிட்டது. 1970இல் மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன.

லண்டனில் மஞ்சள் விளக்கைக் கண்டால் வண்டியை நிறுத்துவார்களோ என்னவோ. ஆஸ்டன் நம் புரசைவாக்கத்திலோ மூலக்கடையிலோ நின்றிருந்தால் வேறு முடிவுக்கு வந்திருப்பார். நம் ஊரில் மஞ்சள் விழுந்தால், சிவப்பு விழுவதற்குள் போய்விடு என்று பொருள். ஆக்சிலரேட்டரை முறுக்குவோம். கால்பந்து வீரர்கள் உலகம் முழுக்க மஞ்சள் அட்டையைச் சென்னை வழக்கப்படியேதான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

நானும் அப்படித்தான் ஆடினேன். கல்லூரி அணியில் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். வேகம் போதாது. என்னைத் தாண்டி ஓடுகிறவனின் பனியனைப் பிடிக்க ஆட்டத்துக்கு ஒரு தடவை எனக்கு உரிமை உண்டு என்று நம்பினேன். எங்கள் பயிற்சியாளர் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்: "கோட்டா". இடைவேளையில் என்னைப் பார்த்து, "கோட்டாவைத் தீர்த்துவிட்டாயா, பாக்கி இருக்கிறதா?" என்று கேட்பார். பாக்கி இருந்தால் இரண்டாம் பாதியில் அந்தப் பக்கம் வருகிற விங்கருக்கு அன்று நல்ல நாள் இல்லை.

என் கோட்டாவின் மிகப் பெரிய வடிவத்தை 2021 ஜூலை 11ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் தொலைக்காட்சியில் பார்த்தேன். யூரோ கோப்பை இறுதி ஆட்டம், அதே வெம்ப்ளி. ஸ்கோர் 1-1. தொண்ணூறு நிமிடம் முடிந்து கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் புகாயோ சாகாவுக்கு 19 வயது, கோட்டோரமாகப் பந்தைத் தட்டிவிட்டுப் பறக்கப் பார்த்தார். இத்தாலியின் கேப்டன் கியெல்லினிக்கு 36 வயது. ஓடிப் பிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். பின்னாலிருந்து சாகாவின் ஜெர்சிக் காலரைப் பிடித்து, கன்றுக்குட்டியைக் கயிற்றோடு இழுப்பதுபோல் இழுத்துக் கீழே தள்ளினார். மஞ்சள் அட்டை. கியெல்லினி முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. நான் கைதட்டினேன். அடுத்த நிமிடமே தட்டியதற்கு வெட்கப்பட்டேன். இத்தாலி பெனால்டியில் வென்றது, கடைசி பெனால்டியைத் தவறவிட்டவர் அதே சாகா.

வங்கிக்காரன் புத்தியோடு யோசித்தால் மஞ்சள் அட்டையின் கோளாறு எளிதில் பிடிபடும். கடன் வாங்குவது ஓர் இடத்தில், திருப்பிக் கட்டுவது வேறோர் இடத்தில். லீக் போட்டிகளில் குறிப்பிட்ட எண்ணிக்கை மஞ்சள் சேர்ந்தால் வீரருக்கு ஓர் ஆட்டம் தடை என்பது வழக்கம். அந்தத் தடையால் லாபம் அடைவது யார்? இவரிடம் உதைபட்ட அணி இல்லை. பல வாரங்கள் கழித்து, இந்தக் கணக்கில் சம்பந்தமே இல்லாமல் எதிரே வந்து நிற்கும் மூன்றாவது அணி. உதைபட்டவர்களுக்குக் கிடைத்தது ஒரு ஃப்ரீ கிக் மட்டும். எங்கள் கிளையில் இப்படி ஒரு கணக்கு எழுதினால் தணிக்கைக்கு வருகிறவர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

தற்காலிக வெளியேற்றம் அந்தக் கடனை அன்றே, அந்த ஆட்டத்திலேயே, பாதிக்கப்பட்டவர் கையில் கொடுக்கச் சொல்கிறது. எனக்கு அதில் பிடித்தது அதுதான்.

இது ஏதோ வெள்ளைக்காரர்கள் ரக்பியிலிருந்து கொண்டுவந்த கருத்து என்று என் நண்பர் ஒருவர் முகம் சுளிப்பார். ரக்பியில் பத்து நிமிடம் வெளியே உட்காரவைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நமக்கு ரக்பி எதற்கு? சடுகுடுவை நினைத்துப் பாருங்கள். அந்த ஆட்டத்தின் அடிப்படையே போவதும் வருவதும்தானே. தொடப்பட்டவன் வெளியே போய் உட்காருகிறான். தன் அணிக்காரன் எதிரியை அவுட் ஆக்கினால் எழுந்து திரும்ப வருகிறான். இன்றைய கபடியில் ஒழுங்கு மீறலுக்கும் அட்டை உண்டு. பச்சை எச்சரிக்கை, மஞ்சள் என்றால் இரண்டு நிமிடம் வெளியே, சிவப்பு என்றால் அந்த ஆட்டத்தில் இனி இல்லை. தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு அது. அதில் இரண்டு நிமிடம் வெளியே உட்காருவதைப் பார்த்து ஆட்டம் கெட்டுவிட்டதாக ஒருவரும் புலம்பியதில்லை.

ஹாக்கி இன்னும் பக்கத்தில் இருக்கிறது. கால்பந்து நடக்கும் நேரு விளையாட்டரங்கத்திலிருந்து எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, நடந்தே போய்விடலாம். 2023 ஆகஸ்டில் அங்கே நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில், 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா மலேசியாவை இறுதியில் 4-3 என்று வென்றது. கோல்களைப் பார்க்க எல்லோரும் போனார்கள். நான் அவற்றோடு நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாக்கியில் பச்சை அட்டை என்றால் இரண்டு நிமிடம், மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம். அட்டை வாங்கியவர் நடுவரின் முகத்துக்கு எதிரே நின்று வாதாடுவதில்லை, நாற்காலியை நோக்கி ஓட்டமாக ஓடுகிறார். வாதாடினால் தன் அணிக்குத்தானே நஷ்டம்? அதே ஹாக்கியில் சிவப்பு அட்டையின் கனமும் தெரிந்ததுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் 17ஆவது நிமிடத்தில் வெளியேற்றப்பட்டார். பிரிட்டனுக்கு எதிராக இந்தியா மிச்ச நேரம் முழுவதும் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து, ஷூட்-அவுட்டில் வென்றது. அரையிறுதியில் அவர் ஆட முடியவில்லை, இந்தியா ஜெர்மனியிடம் தோற்றது. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், முழு ஆட்டம் என்று மூன்று படிகள் இருப்பதால்தான் ஹாக்கி நடுவர் கீழ்ப்படியைத் தயங்காமல் பயன்படுத்துகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் இதை நாங்களே செய்துபார்த்தோம். பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கான சிறு போட்டி. எட்டு அணிகள், பாதிக்கு இருபத்தைந்து நிமிடம். எந்தச் சங்கத்திலும் பதிவு செய்யாத உள்ளூர் விவகாரம் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியமான இஃபாப், சிறுவர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடிமட்டப் போட்டிகள் ஆகியவற்றுக்கு 2017இல் இந்த வழியைத் திறந்துவிட்டிருந்தது. வெளியே இருக்க வேண்டிய நேரம் மொத்த ஆட்டத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் என்பது அதன் வழிகாட்டல். நாங்கள் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். நடுவரை எதிர்த்துப் பேசினால் மட்டும் இந்தத் தண்டனை, மற்றக் குற்றங்களுக்குப் பழைய விதிதான்.

முதல் ஞாயிறு, இரண்டாவது ஆட்டம், பதினோராவது நிமிடம். ஒன்பதாம் எண் பையன் ஆஃப்சைடுக்காக என்னை ஒரு வார்த்தை சொன்னான். வழக்கமான வார்த்தைதான். நான் குனியவில்லை. மஞ்சளைக் காட்டினேன். பிறகு வழிகாட்டலில் உள்ளபடி இரண்டு கைகளையும் நீட்டிக் கோட்டுக்கு வெளியே காட்டினேன். அந்தத் திசையில் ஒரு வேப்பமரம் இருந்தது. பையன் மரத்தைத் திரும்பிப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மரத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. "போய் உட்கார், ஐந்து நிமிடம்" என்றேன். பயிற்சியாளர் ஓடிவந்து மாற்று ஆளை இறக்கலாமா என்று கேட்டார். கூடாது, பத்துப் பேர்தான் என்றேன்.

பையன் மரத்தடியில் போய் உட்கார்ந்தான். அவன் சேக்காளி ஒருவன் சைக்கிள் ஐஸ்காரரிடம் குச்சி ஐஸ் வாங்கி வந்து கொடுத்தான். எதிரணிப் பயிற்சியாளர் கொதித்துவிட்டார். "இது தண்டனையா, இடைவேளையா சார்?" நியாயமான கேள்வி. ஐஸ் சாப்பிடக்கூடாது என்று இஃபாப் எங்கும் சொல்லவில்லை. சேமியா ஐஸ் என்று நினைவு.

மூன்றாவது நிமிடத்தில் அவன் அணி கோல் வாங்கியது. அவன் இருந்திருந்தால் தடுத்திருப்பான் என்று சொல்ல முடியாது, அவன் முன்வரிசை ஆட்டக்காரன். ஆனால் பந்தை வலைக்குள்ளிருந்து (வலை கிடையாது, பின்னாலிருந்த சாக்கடை ஓரத்திலிருந்து) எடுத்துவந்த கோல்கீப்பர், நடுவட்டத்துக்கு உதைப்பதற்கு முன் வேப்பமரத்தைப் பார்த்தான். திட்டவில்லை. பார்த்தான், அவ்வளவுதான். ஒவ்வொருவராக மற்றவர்களும் பார்த்தார்கள். அவன் ஐஸ் குச்சியை மண்ணில் குத்திவைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டான். அதற்குப் பிறகு அவன் உட்காரவே இல்லை.

இனி என் தவறு. அவன் போன நேரத்தை உள்ளங்கையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தேன். வியர்வையில் அழிந்துவிட்டது. கோல் விழுந்தது, கார்னர் வந்தது, ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. நான் அவனை மறந்தேபோனேன். பந்து கோட்டுக்கு வெளியே போன ஓர் இடைவெளியில் மரத்தடியிலிருந்து குரல் வந்தது: "சார், என் நேரம் முடிந்துவிட்டதா சார்?" ஒரே வாக்கியத்தில் இரண்டு சார். கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நிமிடம் ஆகியிருந்தது. கையசைத்து உள்ளே கூப்பிட்டேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவனுடைய பயிற்சியாளர்தான் அருகில் வந்து, மெதுவான குரலில் கேட்டார்: "அவன் செய்த தப்புக்கு ஐந்து நிமிடம் சரி. நீங்கள் செய்த தப்புக்கு எத்தனை நிமிடம் சார்?"

இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் மூன்றாவது ஞாயிற்றுக்குள் ஏதோ மாறியிருந்தது. பையன்கள் திடீரென்று பண்பாளர்கள் ஆகிவிடவில்லை. என்மேல் அவர்களுக்கு மரியாதை கூடிவிட்டதாகவும் தோன்றவில்லை. ஒருவன் வாயைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பவன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பத் தொடங்கினான். "பேசாதே, மரத்தடிக்கு அனுப்பிவிடுவார்." நான் இருபது ஆண்டுகளாகச் செய்ய முடியாததைச் சக ஆட்டக்காரன் செய்தான். அவனுக்குத்தானே நஷ்டம்?

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் இதையே ஒழுங்காக, பெரிய அளவில் செய்திருக்கிறது. 31 அடிமட்ட லீக்குகளில் சோதித்து, எதிர்ப்புப் பேச்சு 38 சதவீதம் குறைந்ததாக அறிவித்தது. 2019-20 பருவத்திலிருந்து நாடு முழுக்க அடிமட்டக் கால்பந்தில் நடுவரை எதிர்த்துப் பேசினால் பத்து நிமிடம் வெளியே என்பது நடைமுறை. அங்கேயும் பெரும்பாலான ஆட்டங்களில் நடுவர் ஒற்றை ஆள்தான். எத்தனை உள்ளங்கைகளில் எழுத்து அழிந்திருக்குமோ.

பிறகு இது மேல்தட்டுக்குப் போகும் என்று தோன்றியது. எதிர்ப்புப் பேச்சுக்கும், எதிரணியின் ஓட்டத்தை நிறுத்த வேண்டுமென்றே செய்யும் சில தந்திர ஃபவுல்களுக்கும் உயர்மட்டப் போட்டிகளில் சோதிக்கலாம் என்று 2023 நவம்பரில் இஃபாப் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. 2024 பிப்ரவரியில், இதற்காக நீல அட்டை வரப்போகிறது என்று செய்தி கசிந்ததும் வானம் இடிந்து விழுந்ததுபோல் ஆயிற்று. அப்போது டாட்டன்ஹாம் அணியின் மேலாளராக இருந்த போஸ்டெகோக்ளூ ஆட்டமே அழிந்துவிடும் என்றார். உயர்மட்டத்தில் நீல அட்டைக்கு இடமே இல்லை என்று ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ கதவைச் சாத்தினார். இஃபாபில் ஃபிஃபாவுக்கு நான்கு வாக்கு, பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்கு ஆளுக்கு ஒன்று. ஆறு வாக்கு இல்லாமல் எதுவும் நிறைவேறாது. ஃபிஃபா மாட்டேன் என்று தலையை ஆட்டினால் போதும், பேச்சு முடிந்தது. மார்ச்சில் ஸ்காட்லாந்தில் கூடினார்கள், மேல்தட்டு தப்பித்துக்கொண்டது. அதற்குப் பதிலாக, கேப்டன் மட்டும்தான் நடுவரிடம் பேசலாம் என்ற ஏற்பாடு அந்த ஆண்டு யூரோ கோப்பையில் வந்தது. நல்ல ஏற்பாடுதான். கேப்டனே திட்டுகிறவராக இருந்தால் என்ன செய்வது என்பது வேறு விஷயம்.

போஸ்டெகோக்ளூவின் அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். பத்துப் பேர் ஆன அணி பத்து நிமிடமும் கோல் வாயில் கூட்டமாக நின்றுகொள்ளும். கோல்கீப்பர் தரையில் உருளுவார். ஒருவருக்குத் தொடையில் பிடித்துக்கொள்ளும். மற்றொருவரின் ஷூ கழன்றுவிடும். பத்து நிமிடத்தில் பந்து ஆட்டத்தில் இருப்பது நான்கு நிமிடமாகச் சுருங்கலாம். அதற்கு மருந்து நிமிடத்தைக் கறாராக எண்ணுவது. ஆட்டம் நின்றால் தண்டனைக் கடிகாரமும் நிற்க வேண்டும். எங்கள் மைதானத்தில் அது நடக்காது. நான்காவது நடுவரும் மின்பலகையும் வீடியோ அறையும் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு பெரிய காரியமா? ஆட்களும் கருவிகளும் இல்லாத எங்களுக்கு இந்த விதி ஏற்றது, எல்லாம் உள்ளவர்களுக்கு மட்டும் ஏற்காது என்பது எனக்குப் புரியவில்லை.

என்னை உண்மையில் யோசிக்கவைக்கும் மறுப்பு வேறு. எதிர்த்துப் பேசினான் என்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரும் நடுவர், சாட்சியும் நடுவர், தீர்ப்பு எழுதுகிறவரும் நடுவர். எனக்குத் தெரிந்த நடுவர் ஒருவர் இருக்கிறார். ஒரு பையன் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாலே அட்டையைத் தேடுவார். அவர் கையில் இந்த விதியைக் கொடுத்தால் வேப்பமரத்தடியில் உட்கார இடம் இருக்காது. சிவப்பு அட்டையின் கனம் அவரைப் போன்றவர்களையும் கொஞ்சம் கட்டிப்போட்டிருக்கிறது. சிறிய தண்டனை எளிதாகக் கைக்கு வரும் என்பதுதான் அதன் நன்மை, ஆபத்தும் அதுவே. வாத்தியார் மோசமானவராக இருந்தால் வராந்தா எப்போதும் நிறைந்தே இருக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் நான் அதன் பக்கம் நிற்கிறேன். என் மைதானத்தில் அப்படிப்பட்ட ஒருவரைவிட, லேஸ் கட்டிக்கொண்டிருப்பவர்கள் பத்து மடங்கு இருக்கிறார்கள்.

கியெல்லினி விஷயத்தில் எனக்கே தெளிவில்லை. கடன் கணக்கு நியாயம் அங்கேதான் முழுசாகப் பொருந்துகிறது. கூடுதல் நேரம் முழுவதும் இல்லாவிட்டாலும் அதில் பத்து நிமிடமாவது இத்தாலி அவரில்லாமல் ஆடியிருக்க வேண்டும். ஆனால் எது தந்திர ஃபவுல், எது தடுமாறிக் கை பட்டது என்று பிரிக்கப் போகிறவர் யார்? பனியனைப் பிடித்து இழுக்கும் ஒவ்வொரு தடவையும் பதினோரு பேர் நடுவரைச் சூழ்ந்து, இது தந்திரம்தான் என்று நீதிமன்றம் நடத்துவார்கள். எதிர்ப்புப் பேச்சைக் குறைக்க வந்த விதி எதிர்ப்புப் பேச்சுக்கே புதுக் காரணம் ஆகிவிடும். ஆகவே வாய்க்கு மட்டும் முதலில் வரட்டும், கைக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறேன். கோட்டா வைத்து ஆடியவன் இதைச் சொன்னால் நம்பாதவர்கள் இருப்பார்கள்.

நடுவில் ஒரு படி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டிலேயே பார்த்தோம். 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக்கின் நாக்-அவுட் ஆட்டம். எதிரணியான கேரளா பிளாஸ்டர்ஸ் தயாராகும் முன்பே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துக் கோலாக்கினார், நடுவர் ஏற்றுக்கொண்டார். கேரளாவின் பயிற்சியாளர் வுகோமனோவிச் தன் அணியையே மைதானத்தை விட்டு அழைத்துப்போனார். விளைவு நான்கு கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கேரளாவின் கோபம் புரிந்தது, வெளிநடப்பு புரியவில்லை. ஐந்து நிமிட மரத்தடி அன்று எதையும் மாற்றியிருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாரா வாரம் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்துவது இலவசம் என்று பழகிய ஆட்டத்தில்தான் ஒரு நாள் பதினோரு பேரும் நடையைக் கட்டுவார்கள்.

எங்கள் போட்டி இந்த ஆண்டும் வருகிறது. கடந்த முறை ஏற்பாட்டாளர்கள், நேரம் பிடிக்கிறது, பெற்றோர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று மரத்தடி விதியைத் தூக்கிவிட்டார்கள். போன ஞாயிறு கூட்டத்தில் மறுபடியும் கேட்டேன். வாதம் ஒரு மணி நேரம் நடந்தது. ஐஸ் விஷயமே அரை மணி நேரம். கடைசியில் மூன்று நிபந்தனைகளோடு ஒப்புக்கொள்ளலாம் என்றார்கள். ஐந்து நிமிடம், பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு மட்டும், வெளியே இருப்பவனுக்குத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. என் பங்குக்கு நான் கேட்டது இரண்டே பொருள்: மரத்தடியில் ஒரு நாற்காலி, பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார ஓர் ஆள். நாற்காலியைப் பந்தல்காரரிடம் சொல்லிவிட்டார்கள். ஆள்தான் இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பயிற்சியாளரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.